தொன்மூதாதையரும் இன்றைய நோய்களும்: மரபு பற்றிய ஒரு விளக்கம்

மரபு என்னும் சொல்

மரபு என்பது தமிழில் மிகப் பழைய சொல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்றே பெயர். உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் அவ்வியல் தொகுத்துரைக்கிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. முன்னோர் வழங்கியதை வழுவாது வழங்குதல் என்பதே அங்கு மரபின் பொருள். இருபதாம் நூற்றாண்டில் உயிரியலார் தம் துறைக்குத் தமிழ்ப்பெயர் தேடியபோது இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். மரபணு, மரபியல், மரபுவழி நோய் என்னும் கலைச்சொற்கள் இன்று நம் பள்ளிப் பாடநூல்களில் நிலைபெற்றுள்ளன.

மொழியியல் பயின்ற நாம் உயிரியலைப் பற்றி உரைக்க முற்படுவதற்கு இச்சொல் மட்டுமே காரணமன்று. இரு துறைகளும் ஒரே வகையான வினாக்களைக் கேட்கின்றன. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், அது மூலமொழியிலிருந்து வழிவழியாக வந்ததா, அண்டை மொழியிலிருந்து கடனாகப் பெற்றதா, இம்மொழிக்குள்ளேயே பின்னர்த் தோன்றியதா என்று மொழியியலார் வினவுவர். ஒரு நோயின் மரபணு வேரைத் தேடும் உயிரியலாரும் இம்மூன்றையே வினவுகின்றனர். எனவே இவ்வுரையில் அவ்வினாக்களின் வழியே செல்வோம்.

ஓலைச்சுவடிகளும் இங்கு நமக்கு உதவும். ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், அவ்வேட்டைப் பார்த்து எழுதப்பட்ட எல்லா ஏடுகளிலும் அவ்விடுகை தொடரும். எந்தெந்த ஏடுகளில் ஒரே பிழை உள்ளது என்று ஒப்புநோக்கியே பதிப்பாசிரியர்கள் சுவடிகளின் குடிவழியைக் கண்டறிகின்றனர். நம் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட, ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் நீளமுள்ள ஒரு சுவடி. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் பெயர்த்தெழுதுகிறது. பெயர்த்தெழுதும்போது சில எழுத்துகள் மாறுகின்றன. அம்மாற்றங்களுட் பெரும்பாலானவற்றால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. மிகச் சிலவே நோய்க்கு வழிவகுக்கின்றன. வேறு சில நோயிலிருந்து காக்கின்றன.

லெங்கோங் பள்ளத்தாக்கின் சான்று

தைப்பிங்கில் வாழ்வோர் இப்பொருளுக்கான முதற்சான்றை வெளிநாடுகளில் தேடவேண்டியதில்லை. நம் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்து குகையில், 1990களின் தொடக்கத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரைனா மஜித் தலைமையிலான குழுவினர் ஓர் எலும்புக்கூட்டை அகழ்ந்தெடுத்தனர். பேராக் மனிதன் என்று பெயர்பெற்ற அம்மனிதர் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். நாற்பது வயதைக் கடந்தவர். கால்கள் மார்பை நோக்கி மடக்கப்பட்ட நிலையில், கற்கருவிகளும் உணவுப் படையலும் உடன்வைக்கப்பட்டு, அவர் புதைக்கப்பட்டிருந்தார். இப்பள்ளத்தாக்கு 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அவருடைய கையெலும்புகளை ஆராய்ந்தோர், விரல்களின் நடுவெலும்பு குறுகியிருந்ததைக் கண்டனர். இக்குறுவிரல் நிலை பிறவியிலேயே அமைவது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவது. இன்றைய மருத்துவ நூல்களிலும் இதற்குத் தனிப்பெயர் உண்டு. பள்ளிகளும் மருத்துவமனைகளும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நம் மாநிலத்தின் மண்ணில், மரபுவழிக் குறையொன்று மாந்தரிடம் இருந்தது என்பதற்கு அவ்வெலும்புகள் சான்றாகின்றன.

அவை இன்னொன்றையும் கூறுகின்றன. கையில் குறையுடன் பிறந்த ஒருவர் வேட்டையாடி உணவு தேடிய சமூகத்தில் நாற்பது வயதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்; மாண்டபின் பேணிப் புதைக்கப்பட்டிருக்கிறார். பிறவிக்குறை அவரைச் சமூகத்திலிருந்து விலக்கிவிடவில்லை என்று கருத இடமுண்டு. மரபுவழி நோயைப் பழியாகக் கருதும் மனப்போக்கு இன்றும் நம்மிடையே நிலவுவதால் இதனைக் குறித்துக்கொள்வது தகும்.

கடனாகப் பெற்றவை

மொழிகள் கடன்வாங்குவதைப் போன்றே மாந்தரினமும் கடன்வாங்கியுள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய நம் முன்னோர், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்னர், நியாண்டர்தால் என்னும் வேறொரு மாந்தரினத்தைச் சந்தித்துக் கலந்தனர். நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாய்வை வழிநடத்திய ஸ்வாந்தே பேபோ 2022ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆப்பிரிக்காவிற்கு வெளியே வேர்கொண்ட எல்லா மக்களின் டி.என்.ஏ.விலும் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை நியாண்டர்தால்களிடமிருந்து வந்ததே. தமிழர், மலாயர், சீனர், ஐரோப்பியர் ஆகிய எவரும் இதற்கு விலக்கல்லர்.

இக்கடனால் விளையும் பயன் என்ன? கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. 2020ஆம் ஆண்டில் ஹியூகோ செபர்க்கும் பேபோவும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் நிறப்புரியில் உள்ள ஏறத்தாழ 50,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதி, கோவிட் நோய் கடுமையாவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று காட்டினர். குரோவேசியாவின் விந்திஜா குகையில் கிடைத்த, ஏறத்தாழ 50,000 ஆண்டுப் பழமையுடைய நியாண்டர்தால் எலும்பில் இப்பகுதி ஏறக்குறைய அப்படியே காணப்பட்டது. தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இதன் ஒரு படியையேனும் தாங்கியுள்ளனர்; ஐரோப்பியரில் 16 விழுக்காட்டினர் தாங்கியுள்ளனர்; கிழக்காசியரிடம் இது இல்லையென்றே கூறலாம். ஆகவே தைப்பிங்கின் ஒரே தெருவில் வாழும் தமிழ்க் குடும்பமும் சீனக் குடும்பமும், ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிகழ்வின் விளைவை வெவ்வேறு அளவில் தாங்கி நிற்கின்றன.

ஆயினும் இங்கு நாம் நின்றுவிடலாகாது. அதே ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில், பன்னிரண்டாம் நிறப்புரியில் நியாண்டர்தால்களிடமிருந்து வந்த வேறொரு பகுதி கடுமையான கோவிட் நோயிலிருந்து ஓரளவு காக்கிறது என்று கண்டனர். நோய்வாய்ப்பைக் கூட்டும் மூன்றாம் நிறப்புரிப் பகுதியே எச்.ஐ.வி. தொற்றின் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதும் 2022இல் தெரியவந்தது. மேலும், ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் பங்கேற்ற 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஐரோப்பியரிடம் அப்பகுதி ஆற்றிய பங்கைத் தெற்காசியரிடமும் அவ்வாறே எதிர்பார்க்கவியலாது என்று காட்டியது. கடன்சொல் ஒன்று புகுந்த மொழியின் ஒலியமைப்புக்கேற்பத் திரிந்து, வேறு பொருள் பெறுவதை நாம் அறிவோம். கடன் மரபணுவும் தான் புகுந்த உடலின் பிற மரபணுக்களையும் வாழ்க்கைச் சூழலையும் சார்ந்தே பயன்தருகிறது. அகவையும் நீரிழிவும் உடற்பருமனும் கோவிட் நோயின் கடுமையைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு ஆற்றின என்பதையும் மறத்தலாகாது.

விடுபட்ட 25 எழுத்துகள்

அடுத்து, நம் முன்னோரிடையே தோன்றிய மாற்றம் ஒன்றைக் காண்போம். தமிழர்க்கு இது மிக நெருங்கிய செய்தி.

இதயத் தசையின் சுருக்கத்தை ஒழுங்குசெய்யும் புரதங்களுள் ஒன்றை ஆக்கும் மரபணு பதினோராம் நிறப்புரியில் உள்ளது. அறிவியலார் அதனை எம்.ஒய்.பி.பி.சி.3 என்று குறிப்பர். அம்மரபணுவின் ஓரிடத்தில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன நிலை தெற்காசிய மக்களிடம் காணப்படுகிறது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு இதனை உலகறியச் செய்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த பி. எஸ். தண்டபாணியும் ஐதராபாத் மையத்தின் கே. தங்கராஜும் அவ்வாய்வின் முதன்மையாளருள் அடங்குவர். இவ்விடுகை இந்திய மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது என்றும், இதயத் தசைநோய்க்கும் இதயச் செயலிழப்புக்குமான வாய்ப்பை ஏறத்தாழ ஏழு மடங்கு கூட்டுகிறது என்றும் அவ்வாய்வு கூறியது. பாகிஸ்தான், இலங்கை, இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளிலும் இது காணப்பட்டது. உலகின் பிற பகுதிகளில் காணப்படவில்லை. இதன் தோற்றம் ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்று அவர்கள் கணித்தனர். இந்தியாவின் மிகப் பல சமூகங்களில், மொழி எல்லைகளையும் சாதி எல்லைகளையும் கடந்து, இவ்விடுகை பரவியிருப்பதற்கு அதன் பழமையே காரணம்.

தீங்கு விளைவிக்கும் ஒரு மாற்றம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் எவ்வாறு அழியாது நிலைத்தது என்னும் வினா எழுவது இயல்பு. இயற்கைத் தேர்வு மக்கட்பேற்றுக்கு முன்னரே உயிரைப் பறிக்கும் குறைகளைத்தான் விரைவில் களைந்தெறியும். இவ்விடுகையின் விளைவோ பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. அதற்குள் ஒருவர் மணந்து, பிள்ளைகளைப் பெற்று, அம்மரபணுவை வழங்கிவிடுகிறார். முப்பது, நாற்பது அகவையிலேயே மாந்தர் மாண்ட காலத்தில் இது வெளிப்பட வாய்ப்பே குறைவு. மாந்தரின் வாழ்நாள் நீண்டபோதுதான் இப்பழைய பிழை கண்ணுக்குத் தென்பட்டது.

இதன்பின் நிகழ்ந்ததே நமக்கு மிக்க படிப்பினை தருவது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடையே நடந்த ஆய்வில், இவ்விடுகையைத் தாங்கிய எல்லாரும் நோயுறுவதில்லை என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இரண்டாவதாக ஒரு மாற்றமும் உடனுள்ளது என்றும், நோயின் அறிகுறிகள் அவ்விரண்டாம் மாற்றத்தோடு தொடர்புடையன என்றும் தெரியவந்தது. அடுத்து வந்த ஆய்வுகளும் விடுகையின் தனிப்பங்கு முதலில் எண்ணியதைவிடச் சிறிது என்னும் கருத்தையே வலியுறுத்தின. விடுகையுள்ள ஏடுகள் பலவாக இருக்க, அவற்றுள் ஒரு கிளையில் மட்டும் பின்னர் இன்னொரு பிழை புகுந்தது போன்றது இது. முதற்பிழையை மட்டும் கண்டு எல்லா ஏடுகளையும் ஒதுக்கிவிட்டால் நல்ல ஏடுகளும் போய்விடும்.

எனவே, நூற்றுக்கு நால்வர் இதயநோயால் மடிவர் என்று இச்செய்தியைப் பரப்புவது தவறு. குடும்பத்தில் ஒருவர் இளவயதில் இதயச் செயலிழப்பால் இறந்திருந்தால், மற்றவர் மருத்துவரை அணுகி இதய ஒலியலைப் படம் எடுத்துப் பார்ப்பது தகும் என்று கூறுவதே சரியானது.

காய்ச்சல் தேர்ந்தெடுத்தவை

சில மாற்றங்கள் தற்செயலாக நிலைத்தவையல்ல. ஒரு நோயிலிருந்து காத்தமையால், மற்றொரு நோய்க்கு வழிவகுத்தபோதிலும், அவை நிலைத்தன. மலேரியாக் காய்ச்சல் இவ்வகையில் நம் பகுதிக்கு முதன்மையானது.

ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949ஆம் ஆண்டில், தலசீமியா என்னும் குருதிக்குறை மலேரியா மிகுந்த நிலங்களில் பரவியிருப்பதற்கு, அக்குறையை ஒரு படியாகத் தாங்கியோர் காய்ச்சலைத் தாக்குப்பிடித்ததே காரணமாகலாம் என்று கருதினார். 1954ஆம் ஆண்டில் அந்தோணி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிவாளணுக் குறையைக் கொண்டு இதற்குச் சான்று தந்தார். அரிவாளணு ஆப்பிரிக்கர்க்கே உரியதென்று எண்ணியிருந்த காலத்தில், 1952ஆம் ஆண்டிலேயே லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அதனைக் கண்டறிந்தனர். தமிழ்நாட்டு மலைகளிலும் மலேரியா மரபணுக்களைத் தேர்ந்தெடுத்திருந்தது.

தீபகற்ப மலேசியாவில் அத்தேர்வு வேறு வடிவங்களைக் கொண்டது. மலாயரிடமும் பூர்வகுடியினரிடமும் ஹீமோகுளோபின் ஈ என்னும் மாற்றம் மிகுதி. சிவப்பணுக்கள் முட்டை வடிவாக அமையும் நீள்வட்டச் சிவப்பணு நிலையும் இவர்களிடம் உண்டு. ஒரு மரபணுவில் 27 எழுத்துகள் விடுபட்டதால் இந்நிலை தோன்றுகிறது. ஒரு படியைத் தாங்கியோர்க்கு மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவிலிருந்து இது வலிய காப்பளிக்கிறது. இரு படிகளும் சேர்ந்தால், கரு பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே அழிந்துவிடும். காப்பும் அழிவும் ஒரே மாற்றத்தின் இரு விளைவுகள்.

இவ்விடத்தில் நம் தோட்டப்புற வரலாறும் வந்து சேர்கிறது. ரப்பர் பயிரிடுவதற்காகக் குன்றுப்புறக் காடுகள் அழிக்கப்பட்டபோது, நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலில் திறந்தன. வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் அனாபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசு அங்கே பெருகியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் எண்ணற்றோர் காய்ச்சலால் மாண்டனர். 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் நீர்வடிகால் பணியைத் தொடங்கிய மருத்துவர் மால்கம் வாட்சன், கொசு பெருகும் நீர்நிலைகளை ஒழுங்குசெய்தால் காய்ச்சல் அடங்கும் என்று நிறுவினார். தோட்டங்களில் நேர்ந்த மரணங்களை அம்மக்களின் பிறவி வலுக்குறைவாகக் காட்ட முற்படுவோர்க்கு இவ்வரலாறே விடை. வந்தவர்களின் மரபணுக்கள் மாறவில்லை. வடிகால் வெட்டப்பட்டது, மரணம் குறைந்தது. மரபணு நோயின் ஒரு காரணம் மட்டுமே. உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை மறுத்துவிட்டு மரபணுவின்மீது பழிபோடுவது அறிவியலாகாது.

மலேரியா இன்று நம் நகரங்களிலிருந்து நீங்கிவிட்டது. அது தேர்ந்தெடுத்த மரபணுக்கள் நீங்கவில்லை. மலேசியாவில் மலாயர், சீனர், இந்தியர் ஆகிய அனைவரிடமும் தலசீமியா தாங்கிகள் உள்ளனர். தாங்கிகள் நோயாளிகளல்லர், இயல்பான வாழ்க்கை வாழ்வோர். ஆனால் தாங்கிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. கடுமையான தலசீமியாவுடன் பிறக்கும் பிள்ளை வாழ்நாள் முழுதும் குருதியேற்றிக்கொள்ள வேண்டும். உடலில் சேரும் மிகை இரும்பை அகற்ற மருந்தும் கொள்ள வேண்டும். இதனைத் தடுக்கவே நாட்டின் தலசீமியாத் தடுப்புத் திட்டம் 2004இல் தொடங்கப்பட்டது. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்க்குப் பெற்றோர் இசைவுடன் குருதிச்சோதனை செய்யப்படுகிறது.

மலேரியா விட்டுச்சென்ற மற்றொன்று ஜி6பிடி குறைபாடு. இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடிக் குருதியில் இச்சோதனை செய்யப்படுகிறது. குறைபாடுள்ள குழந்தையின் துணிகளை அந்துருண்டை இட்ட பெட்டியில் வைத்தலாகாது. சில மருந்துகளையும் கொடுத்தலாகாது. சிவப்பணுக்கள் திடீரெனச் சிதைந்து மஞ்சட்காமாலை முற்றும் இடர் அதனால் உண்டு. மருத்துவமனை தந்த அட்டையை எடுத்துவைத்து, மருந்து வாங்கும்போதெல்லாம் காட்டினால் இவ்விடரைப் பெரிதும் தவிர்க்கலாம்.

முறைப்பெயர்கள் காட்டும் மணவழக்கு

தோன்றிய மாற்றங்கள் ஒரு குழுவுக்குள் தேங்குவதற்கு மணவழக்கு காரணமாகிறது. இதற்கு நம் மொழியே சான்று. தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. கணவன் அல்லது மனைவியின் தாயும் அத்தையே. தாயின் உடன்பிறந்தான் மாமன். மணவழித் தந்தையும் மாமனே. ஆனால் தந்தையின் உடன்பிறந்தான் மக்களும் தாயின் உடன்பிறந்தாள் மக்களும் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கை ஆவர். மணத்தக்க முறையினரையும் தகாதோரையும் பிரித்துக்காட்டும் இம்முறைப்பெயர் அமைப்பு திராவிட மொழிகளுக்குப் பொதுவானது. தாமஸ் டிரவுட்மன் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அக்காள் மகளை மணக்கும் வழக்கும் தமிழரிடம் உண்டு. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நெருங்கிய உறவினர் மணத்தைத் தடைசெய்யும் அதே பிரிவில், இந்து வழக்கப்படி தாய்மாமன் மருமகளை மணப்பதற்கு விலக்களித்துள்ளது.

கணக்கு எளிது. அத்தை மகனும் மாமன் மகளும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டுள்ளனர். பொதுமூதாதையிடம் மறைந்திருந்த ஒரு குறை இருவழியாகவும் வந்து ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. உறவல்லாதோர்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரிடம் பிறவிக்குறை காணப்படும். முறைமக்கள் மணத்தில் அது மேலும் இரண்டு, மூன்று விழுக்காடு கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் இக்கணக்கிலேயே அடங்கும்.

உறவில் மணக்காதோரும் தம் சாதிக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் மணந்துவந்தால் விளைவு ஓரளவு ஒத்ததே. டேவிட் ரைக், தங்கராஜ் முதலியோரின் 2009, 2013ஆம் ஆண்டு ஆய்வுகள், இந்திய மக்களின் தொன்மையான மூதாதைக் கிளைகள் ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் முதல் 1,900 ஆண்டுகள் முன்பு வரை பரவலாகக் கலந்தன என்றும், அதன்பின் அகமணம் இறுகியது என்றும் காட்டின. 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஒப்புநோக்கி, அவற்றுள் 81 குழுக்கள் சிறு எண்ணிக்கையினரான மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று கண்டது. ஆந்திரப் பகுதியில் தோன்றிய வைசியச் சமூகத்தார் ஓர் எடுத்துக்காட்டு. அறுவை மருத்துவத்தின்போது தரப்படும் ஒருவகைத் தசைதளர்த்தி மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களுள் பலரிடம் குறைவாக உள்ளது. மருந்தின் செயல் நீடித்து மூச்சுவிட இயலாது போகும். மயக்க மருத்துவர் முன்பே அறிந்திருந்தால் மாற்று மருந்து தருவார். ஓர் உயிரைக் காக்க அந்த ஒரு செய்தி போதுமானது.

மொழிக்குடியும் குருதிக்குடியும்

இவற்றைக் கேட்டபின் தமிழ் மரபணு என்று ஒன்று உண்டு என எவரும் முடிவுகட்டிவிடுதல் ஆகாது. மொழி ஒரு வழியிலும் குருதி மற்றொரு வழியிலும் செல்லக்கூடும். பலுசிஸ்தானத்தில் பிராகுயி என்னும் திராவிட மொழி பேசுவோர் மரபணு அளவில் தம்மைச் சூழ்ந்து வாழும் பிற மக்களையே ஒத்திருக்கின்றனர். பேராக்கின் காடுகளில் வாழும் ஜகாய் மக்கள் ஆஸ்திரோ ஆசிய மொழியைப் பேசுகின்றனர். அவர்தம் மூதாதை வழியோ, லாவோஸ், மலேசியக் குகைகளில் கிடைத்த பழம் எலும்புகளின் டி.என்.ஏ. காட்டுமாறு, அம்மொழி இங்கு வருவதற்கு முன்பே வாழ்ந்த வேட்டுவ மக்களுடையது. தென்னிந்தியரின் மிகப் பழைய மூதாதையரும் அந்தமான் தீவினரும் இப்பூர்வகுடியினரும் மிகத் தொலைவான காலத்தில் கிளையுறவுடையோர் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இருப்புப்பாதை அமைத்த தமிழரும், பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் முற்றிலும் அயலான நிலத்திற்கு வந்ததாகக் கருதினர். மரபணுச் சுவடியின் ஆழத்தில் இங்குள்ளோர்க்கும் அவர்க்கும் பழைய உறவொன்று இருந்தது.

நீரிழிவைப் பற்றியும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, மலேசியப் பெரியோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உள்ளதாகக் காட்டியது. இனவாரியாக இந்தியரிடமே அது மிகுதி. பஞ்சக் காலத்தில் பயன்பட்ட மரபணு வளக்காலத்தில் நோயாகிறது என்று ஜேம்ஸ் நீல் 1962இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது இன்றும் வாதத்திற்கு உரியதாகவே உள்ளது. ஒரே மரபணுவுடையோர் உழைப்பும் உணவும் மாறிய இரண்டு, மூன்று தலைமுறைகளுக்குள் நோய்ப்பட்டனர் என்பதே நாம் கைக்கொள்ளத்தக்க உண்மை. அவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறுவதில்லை. தட்டில் இருப்பதும் நாள்முழுதும் அமர்ந்திருப்பதுமே மாறின.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கன

மரபுவழி நோயைப் பற்றி நம் குடும்பங்களில் நிலவும் பேச்சு இருவகைப்படும். ஒன்று, எல்லாம் தலையெழுத்து என்று கைவிடுவது. மற்றொன்று, பெண் பார்க்க வருவோர் அறிந்துவிடுவர் என்று மறைப்பது. இரண்டுமே உயிருக்கு ஊறு விளைவிப்பன. தலசீமியா தாங்கி என்னும் சோதனை முடிவைப் பெற்ற பதினாறு வயது மாணவி ஒருத்தி அத்தாளை ஒளித்துவைத்தால், பத்தாண்டுகளுக்குப் பின் அதன் விலையைச் செலுத்தப்போவது அவள் பிள்ளையே. சைப்பிரஸ் நாட்டில் மணத்திற்கு முன் சோதித்தறியும் வழக்கம் ஏற்பட்டபின், கடுமையான தலசீமியாவுடன் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகமிகக் குறைந்துவிட்டது.  தாங்கிகள் அறிந்து முடிவெடுக்க அங்கு வழி அமைத்தனர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதாகத் தொடங்கலாம். கொடிவழிப் படம் வரையும் பயிற்சியைத் தமிழ் வகுப்பும் அறிவியல் வகுப்பும் இணைந்து நடத்தலாம். மாணவர் தம் பாட்டன், பாட்டி, பெரியப்பா, அத்தை, தாய்மாமன் ஆகியோரை முறைப்பெயருடன் குறித்து, அவர்கள் பிறந்த ஊர், வேலைசெய்த தோட்டம், அவர்க்கிருந்த நோய், அது தோன்றிய அகவை ஆகியவற்றை வீட்டில் கேட்டெழுதட்டும். அப்படத்தை வகுப்பில் காட்டவேண்டியதில்லை. வீட்டிலேயே பேணினால் போதும். இளவயதில் இதயநோயால் இறந்தவர், குருதி ஏற்றிக்கொண்ட பிள்ளை, மயக்க மருந்தால் இடர்ப்பட்டவர் என்னும் செய்திகளை மருத்துவர் கேட்கும்போது, பெரும்பாலோர் விடையறியாது நிற்கின்றனர். முதியோர் மறைந்தபின் அவ்விடையைத் தர எவருமிலர்.

நான்காம் படிவ மாணவர்க்கு வரும் இசைவுத்தாளில் பெற்றோர் கையொப்பமிடுவதற்கு முன், தாங்கி என்னும் சொல்லின் பொருளை ஆசிரியர் ஒருமுறை தமிழில் விளக்கினால், பல வீடுகளில் அச்சம் நீங்கும். நோயாளி என்று ஒரு சொல், தாங்கி என்று மற்றொரு சொல், இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைப்பது மொழியாசிரியரின் பணியுமாகும்.